மூன்றாம் வளைவில் உன் ஹாரன்

என் அருமை மாப்ளே ரங்கா,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. செத்துப்போனவனுக்கு எதற்கடா இன்லண்ட் லெட்டர் என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். உயிரோடு இருக்கிறவர்களிடம் சொல்ல முடியாததை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் உனக்குத் தெரியாத சேதி. உன் மச்சான் சின்னசாமி, அதாவது நான், இப்போது அப்துல் கரீம். சிரிக்காதே. வளைவுக்கு ஒரு பீடி, டீக்கு டீ ஒரு சண்டை என்று திரிந்தவன் ஐந்து வேளை தொழுகிறான். லாரியை விட்டாயிற்று. தொப்பூர் கணவாயில் மேலிருந்து மூன்றாவது வளைவில் காதர் பாய் பஞ்சர் கடை வைத்திருக்கிறாரே, அங்கேதான் வேலை. உன்னைப் பள்ளத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு நடுங்க ஆரம்பித்த கை, அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட்டாலும் நடுங்கியது, டீ டம்ளரைத் தொட்டாலும் நடுங்கியது.

பாய் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. அவர் பாட்டுக்கு டயர் கழற்றிக்கொண்டிருப்பார், தொழுகை நேரம் வந்ததும் லிவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். சோப்புத்தூள் போட்டு நகக்கண் வரை தேய்ப்பார். பிறகு வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் என்று வரிசையாக ஒளு செய்வார். லாரிக்காரன் கத்துவான், "ஏ பாய், லோடு அவசரம்ங்க!" பாய் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "பஞ்சரான டயரு எங்கீங்க ஓடிறப் போவுது? ரெண்டு நிமிசம் குந்துங்க" என்பார். கணவாயில் எல்லாரும் பறந்துகொண்டிருக்க, இந்த மனுஷனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த நிதானம் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பொறாமை என்றே சொல்லேன்.

ஒருநாள் அவர் பார்க்காதபோது நானும் அதேபோல் கை கால் கழுவினேன். டியூபை அமுக்கி ஓட்டை பார்க்கிற தொட்டியில்! பாய் பார்த்துவிட்டார். "அடடே, அது டியூபுக்குங்க. மனுசனுக்கு அந்தக் கொடம்" என்று சொல்லிச் சிரித்தார். கலிமா சொல்லி மார்க்கத்தில் சேர வேண்டும் என்று நான் நின்றபோதும், "ஆறு மாசம் பொறுங்க, அப்பறமும் தோணுச்சுன்னா தர்மபுரி பள்ளிவாசலுக்குப் போலாம்" என்றுதான் சொன்னார். எட்டு மாசம் கழித்துப் போனோம்.

குர்ஆன் சூராக்களைத் தமிழ் எழுத்தில் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொண்டு, டயர் நெம்பியபடியே மனப்பாடம் பண்ணினேன். சோற்றில் கை வைக்குமுன் ஒரு பிஸ்மில்லா. எதிரே வருகிறவருக்கு ஒரு சலாம். இவ்வளவுதான் மாப்ளே, பெரிய வித்தை ஒன்றுமில்லை. தொழுகையில் நின்று ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக் கட்டுகிறோம் இல்லையா, அப்படிப் பிடித்துப் பிடித்தே என் நடுக்கம் நின்றது. தூக்கம் வந்தது. நான் நிம்மதியாக இருந்தேன் ரங்கா, பொய் சொல்லவில்லை.

உன் பெண்டாட்டி, என் தங்கை செல்லம்மா, மொரப்பூர் வீட்டுக் கதவை என் மூஞ்சியில் சாத்தினாள். "அவருதான் போனாரு, நீயும் போயிட்ட. எனக்கு அண்ணன்னு யாரும் இல்ல. இந்த வூட்டுப் பக்கமே வராத" என்றாள். இரண்டு வருஷம் பேச்சில்லை. இந்த நோன்பில் மனசு கேட்காமல் தூக்குப்போசியில் நோன்புக் கஞ்சி கொண்டுபோனேன். வாங்கினாள். நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மியா இருக்குது" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், பக்கத்து ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான்.

அந்த நிம்மதியெல்லாம் போன மாசம் வரைக்கும்தான். போன மாசம் ஒரு நாள், சாயங்காலத்து அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், மேல் வளைவில் உன் ஹாரன் கேட்டது.

கையிலிருந்த லிவரைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். அந்த இரட்டை ஹாரனைப் பெங்களூரில் வாங்கி நாம் இரண்டு பேரும்தானே மாட்டினோம்? எட்டிப் பார்த்தால் உன் தம்பி கோவிந்தன். நொறுங்கிக் கிடந்த உன் வண்டியிலிருந்து அதைக் கழற்றி, தான் ஓட்டுகிற லாரியில் வைத்திருக்கிறான். ஹாரன் மட்டும்தான் கேட்டது மாப்ளே. என்ஜின் சத்தம் இல்லை. வெறும் டயர் உரசுகிற சத்தமும், சங்கிலி ஆடுகிற சத்தமும். கிருஷ்ணகிரியில் கல் ஏற்றிக்கொண்டு, என்ஜினை அமர்த்திவிட்டு நியூட்ரலில் இறங்குகிறான், உன்னைப் போலவே.

பஞ்சர் போட வந்தபோது பதமாகச் சொல்லிப் பார்த்தேன். "கோவிந்தா, கியர்ல எறங்குப்பா. வெறும் பிரேக்க நம்பாத."

"எங்கண்ணன் கத்துக்குடுத்த ஓட்டு மாமா இது. அவன் குடுத்துட்டுப் போனது இது ஒண்ணுதான். கும்புட்ட சாமியவே வேணாம்னு போனவரு நீங்க, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்களாக்கும்?"

நான் குனிந்து அவன் டயரின் நட்டைக் கழற்றினேன். உனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று நம் இரண்டு பேருக்கும்தானே தெரியும்? மலை உச்சியில் முனியப்பன் கோயில் தாண்டியதும், "என்ஜின அமத்துடா மாப்ளே, எறக்கம் தானா இழுத்துக்கிட்டுப் போவும், மிச்சமாவற டீசலு நம்மளுது" என்று உன் முதுகில் தட்டிச் சொன்ன பாவி நான்தான். நீ விழுந்த அன்றைக்கு நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். எல்லாரும் பிரேக்கைச் சொன்னார்கள், விதியைச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

போன வியாழக்கிழமை நடந்ததைக் கேள். கடையில் நான் ஒருத்தன்தான். அஸர் தொழுதுகொண்டிருக்கிறேன், நெற்றி தரையில். ஹாரன் கேட்டது, விடாமல் கேட்டது. பிரேக் தீய்கிற நாற்றம் காற்றில் வந்தது. தொழுகையை ஆரம்பித்துவிட்டால் பாதியில் விடக்கூடாது, விட்டால் பெரிய பாவம் என்று நானாகவே மனசில் முடிந்துவைத்திருந்தேன். அதனால் எழவில்லை. மிச்சத்தையும் முடித்து, வலது பக்கம் சலாம், இடது பக்கம் சலாம் கொடுத்துவிட்டு ஓடினேன். வண்டி போய்விட்டிருந்தது. அன்றைக்கு எப்படியோ கீழே போய் நின்றிருக்கிறது. கறுப்பாகக் கோடு இழுத்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கை மறுபடியும் நடுங்கியது.

பாய் வந்ததும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்னங்க மனுசன் நீங்க! ஒரு உசுரு போவுதுன்னா தொழுகைய முறிச்சுட்டு ஓடணும்ங்க. தொழுகைய அப்பறமா திரும்பத் தொழுதுக்கலாம். போன உசுரத் திரும்பத் தொழுது வாங்கீருவீங்களா?"

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. அல்லா கொடுத்த நிம்மதியைப் போர்த்திக்கொண்டு நான் ஒளிந்திருக்கிறேன். ஓடிப்போய் ரோட்டில் கை காட்டி என்ன பிரயோஜனம்? நியூட்ரலில் வருகிற கல் லாரி கை காட்டினால் நிற்குமா? இந்த ஓட்டு நீ விட்டுப்போன சொத்து என்று நம்புகிற வரைக்கும் கோவிந்தன் விடமாட்டான். உண்மையைச் சொன்னால் விடுவான். கூடவே அவன் என் சட்டையைப் பிடிப்பான். சாயங்காலத்துக்குள் செல்லம்மா காதுக்கும் போகும். அந்தக் கதவு இனி எனக்குத் திறக்குமா? கஞ்சியில் உப்பு கம்மி என்று சொல்லவாவது ஆள் இருக்குமா? பயமாக இருக்கிறது ரங்கா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நாளைக்கு அவனுக்கு மறுபடியும் கல் லோடு. இறக்கத்துக்கு முன்னால் அவன் வண்டி நிற்கிற ஒரே இடம் முனியப்பன் கோயில். இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பான். மதம் மாறியபின் நான் அந்தப் பக்கம் போனதில்லை. நாளை மதியத்திலிருந்து அங்கேதான் நிற்பேன். தொப்பி போட்ட ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அஸர் தள்ளிப்போனாலும் அப்புறம் தொழுதுகொள்வேன்.

இது உனக்குச் சத்தியம். நாளை பேச்சு மாறிவிடக் கூடாதென்று, அவனிடம் சொல்லப்போவதை இங்கேயே எழுதிவைக்கிறேன்: "கோவிந்தா, அது உங்கண்ணன் குடுத்ததில்ல. நான் குடுத்தது. அதுலதான் அவன் செத்தான்."

செல்லம்மாவின் அண்ணன்,
உனக்கு இறக்கத்தில் என்ஜினை அமர்த்தச் சொல்லிக்கொடுத்த
உன் மச்சான்
அப்துல் கரீம்