ஊனா சொன்ன ‘இனி ஒருக்காலும்’

அன்பு மகள் ஊனாவுக்கு,

கார்ணாவிலிருந்து அம்மா எழுதுவது. பெர்த்தில் நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், நாங்களும் சுகம் என்று பொய் எழுத எனக்கு மனசில்லை. அப்பாவுக்கு வருகிற மார்ச் கடைசியில் கால்வேயில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று உத்தரவு, அந்த உத்தரவை அடுப்பில் போட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று போனில், பேரனுக்கு நம் ஐரிஷ் பேச்சில் ஒரு சொல்கூட வரலியே, என்ன வளர்ப்பு வளர்த்தே என்று அவர் கேட்டது தப்புதான். அந்த வாய்க்கு நான் சோறு போட்டதே அதிகம். ஆனால் நீ என்ன சொன்னாய்? உங்க வாசப்படி மிதிக்கவே மாட்டேன், ‘கீஹெ’, இனி ஒருக்காலும், என்றாய். நடந்து முடிந்ததற்கு, ‘இதுவரை ஒருக்காலும்’ என்பதற்கு, ‘ரீயவ்’ என்று ஒரு சொல் இருக்கிறது, அது போனதோடு போகும். நீ தேடிப் பிடித்து, இனி வரப்போகிற நாளையெல்லாம் பூட்டுகிற சொல்லைச் சொன்னாய். ஆங்கிலத்தில் திட்டியிருந்தால்கூட அவர் காதில் வாங்கியிருக்க மாட்டார்.

ஜனவரியில் ரேடியோவில் ஒரு பேராசிரியர் அதே சொல்லைப் பற்றிப் பேசினார். ஆதியில் அது ‘இரவு வரைக்கும்’ என்று இரண்டு சொல்லாக இருந்ததாம், வாயில் தேய்ந்து ஒன்றாகி, பிறகு ‘இனி எந்நாளும்’ என்று ஆனதாம். அப்பா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, அப்போ அவ கோவம் அன்னிக்கு ராத்திரியே தீர்ந்திருக்கணுமே பாபீன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்க கோவம் தீர்ந்துச்சா, போனை எடுங்க என்றேன். எடுக்கவில்லை. புனித பிரிஜித் திருநாளுக்கு முந்தின சாயங்காலம், அந்த அம்மாள் ராத்திரி வந்து தொட்டு ஆசீர்வதித்துப் போகட்டும் என்று ஆளுக்கொரு துணியை வேலியில் போட்டேன், உன் மேலிருந்த ஆத்திரத்தில் உன் துணியைப் பெட்டியிலேயே விட்டேன். காலையில் போனால் உன்னுடையதும் நனைந்து கிடக்கிறது, பறக்காமல் வலைக்கயிற்றால் கட்டி. படியேற முடியாத மனுஷன் மழையில் போயிருக்கிறார். வாய் வலிக்கத் திட்டினேன். துணிமேல என்ன கோவம் என்றார், அவ்வளவுதான்.

நீ முதலில் பேச வேண்டும் என்று அவர், அவர் முதலில் பேச வேண்டும் என்று நீ, நடுவில் நான் சாகிறேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்கு முன்னாடியே மகளை வரச்சொல்லுங்கம்மா என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் எழுத மாட்டேன். டிக்கெட் போடு. மன்னிப்பெல்லாம் யாரும் கேட்க வேண்டாம், உள்ளே வந்து டீ இருக்கா என்று கேள், போதும். பிள்ளையையும் கூட்டி வா, எந்த மொழியில் பேசினாலும் தாத்தா கேட்டுக்கொள்ளட்டும். வராமலே அவர் போய்விட்டால், நீ சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க யாரிடம் போவாய்?

கடவுள் உன்னையும் குழந்தையையும் காக்கட்டும். கம்பளிச் சட்டை மறக்காதே, இங்கே காற்று இன்னும் அடங்கவில்லை.

கோபம் தீராத உன் அம்மா,
பாபீன்