கிசோ ஆற்றை வரைந்த வாரம்

மார்ச் 1, 1997, சனி. சான் ஹோசே

காலையிலிருந்து மழை. லாண்டரி பாக்கி. நிவேதாவுக்கு ஸ்கூல் புராஜெக்ட்: உலகத்தில் ஏதாவது ஒரு ஆறு, வெள்ளிக்குள். ஈரோட்டுக்காரி நான், காவிரி என்றேன். வேண்டாமாம். அப்பா வேலை பார்க்கும் இடத்து ஆறுதான் வேண்டுமாம்.

சாயங்காலம் அவருக்குப் போன். ஜப்பானில் அப்போது ஞாயிறு காலை. கிசோ ஆறு என்று பெயர். மலையில் குறுகலாக இறங்குகிறதாம். வெள்ளைப் பாறை, பச்சைத் தண்ணீர், இரு பக்கமும் ஊசி இலை மரம், பின்னால் பனி மூடிய சிகரம். அவர் குடியிருக்கும் ஊர்ப்பக்கம் செங்குத்துப் பாறைமேல் ஒரு சின்னக் கோட்டை. அதற்குக் கீழே சமவெளி. கடலுக்கு முன் மூன்று ஆறுகள் பக்கத்தில் பக்கத்தில்.

அக்டோபரில் போனவர். கார் இன்சூரன்ஸ், நிவி மார்க் தவிர வேறு பேசாதவர். இன்று நிறுத்தவே இல்லை. இங்கே ஃப்ரீவேயில் போகும்போது மலையைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லையே. யார் இந்த ஆள்?

3, திங்கள்

வெயில். ஆபீஸில் டெஸ்டிங். மதியம் மீனாவிடம் சொன்னேன். எனக்கு இங்கிருக்கும் ஒரே தோழி. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, "அவர் திரும்பி வர்ற மாதிரி பேசினாரா?" என்று கேட்டாள்.

வரும் வழியில் வாங்கியது: பால், கொத்தமல்லி, போஸ்டர் பெயின்ட் (நீலம் இரண்டு).

4, செவ்வாய்

அவரே கூப்பிட்டார். கம்பெனியில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்களாம். நாங்களும் வரலாமாம், நிவிக்கு ஸ்கூல் உண்டாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன்."

வைத்துவிட்டேன். கிரீன் கார்டு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. நாட்டை விட்டுப் போனால் அது போய்விடுமா? என் வேலை? என்னிடம் கேட்டிருக்க வேண்டாமா? ரசத்தில் உப்புப் போட்டேனா, இல்லையா. இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

6, வியாழன்

நிவி தரையில் அட்டையை விரித்து வரைகிறாள். கடலோரத்து ஊர்கள் ஆற்றைவிடத் தாழ்வாம். சுற்றிலும் வளையமாகக் கரை கட்டி உள்ளே குடியிருக்கிறார்கள். பழைய வீடுகளில் வெள்ளத்துக்கென்று ஒரு படகு தொங்குமாம். எல்லாம் அவர் சொன்னது.

"வொய் டோன்ட் தே ஜஸ்ட் மூவ்?" என்றாள்.

மண் நல்ல மண் என்று அப்பா சொன்னார் என்றேன். அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

அவள் போட்ட நீலத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கோபம் குறையவில்லை. அந்தப் பாறைகளைப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி?

7, வெள்ளி

அட்டையைக் கொண்டுபோய் ஒப்படைத்தாயிற்று. டீச்சருக்குப் பிடித்ததாம். மீனா, கிரீன் கார்டு விஷயமாக ஒரு வக்கீலைப் பார் என்கிறாள். பார்க்கத்தான் வேண்டும்.

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். திட்டத்தான் நினைத்தேன்.

"ஏனுங்க, ஸ்பிரிங் பிரேக்குக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க. ரிட்டர்ன் டிக்கெட். வந்து பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

"சரி" என்றார். பிறகு, "பிடிக்கலீன்னா?"

"பிடிச்சிருமோன்னுதான் பயமா இருக்குதுங்க."

அவர் சிரிக்கவில்லை. நானும்.