இலவசமாக வந்த கடுகெண்ணெய்

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? பாப்பா அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? இங்கே ஆலையில் போனில் பேசினால் யார் காதிலாவது விழும்; அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஆலையில் கடுகு சலிக்கும்போது, ஒரு மூட்டையில் பிரம்மதண்டு விதை கலந்திருப்பதைக் கண்டேன். பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். எண்ணெயில் சேர்ந்தால், சாப்பிடுகிறவர்களுக்குக் கால் வீங்கும். மூட்டையை ஒதுக்கி வைத்தேன். "கடுகுல எதும்மா வீண்? எண்ணெய் அடுப்புக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, மிச்சம் உரத்துக்கு!" என்று மேஸ்திரி சிரித்தார். மறுநாள் மூட்டையைக் காணோம்.

அந்த வாரமே எங்களுக்கு ஆளுக்கொரு கேன் எண்ணெய் இலவசம். பெருமையாக உங்களுக்குக் கொடுத்தனுப்பினேனே, அதுதான். ஒரு நாள் லீவு கேட்டாலே முகம் சுளிக்கிறவர்களுக்குத் திடீரென்று ஏன் இந்தத் தாராளம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

ஒன்றும் இருக்காது, பயப்படாதீர்கள். ஆனாலும் அந்த எண்ணெயில் தாளிக்காதீர்கள், முட்டியில் தடவாதீர்கள், பாப்பாவுக்குத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அவள் காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்படியே அவள் பாதத்தை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். செருப்பு வாங்கத்தான்.

ஷிப்ட் மணி அடிக்கிறது.

உங்கள் மருமகள்