உன் அரை ஏக்கர்

ஸ்கந்தபுரம்
12.06.1999

அன்பு மகள் சுதர்சினிக்கு,

முருகன் துணையால் நீ திருச்சியில் சுகமாக இருக்க வேண்டுமென்று வேண்டி அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தை வவுனியாவுக்குப் போகிற விமலேஸ்வரி ரீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் அங்கே தபாலில் போடுவார்.

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு முன் படகு பிடித்து வந்துவிடுவேன், இனி அம்மாவைத் தனியே விடமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டுக் குசினியில் இருந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. மலேரியாவுக்கு ஒழுங்கான மருந்து கிடைக்காமல்தான் அப்பா போனார். அந்த மருந்து இன்னும் வரவில்லை. மாங்குளம் பக்கமிருந்து ஷெல் சத்தம் ஓய்வதில்லை. ஊரில் கூட்டம் வைத்து இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்கிறார்கள். அப்பாவின் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு உன்னை நாச்சிக்குடாவில் படகேற்றியது இதற்குள் திரும்பி வரவா?

நீ வேலை செய்கிற தையற்கடையில் உன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். நான் இங்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். எழுபத்தேழு கலவரத்தில் மாத்தளைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயம் பாதி எரிந்தது. பத்தொன்பது வயதில் லொறி ஏறி, தெரிந்தவர் ஒருவருமில்லாமல் கிளிநொச்சியில் இறங்கினேன். ஒரு முதலாளியின் தோட்டத்தில் மிளகாய்ப்பழம் ஆய்ந்தேன். சாக்கு அடுக்குகிற கொட்டிலில் படுத்தேன். என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள், தோட்டக்காட்டாள் என்று கூப்பிட்டார்கள், கிணற்று வாளியைத் தொட விடவில்லை. பொங்கல் கழிந்ததும் போதுமடா சாமி என்று அம்மாவிடம் ஓடினேன்.

லயக் காம்பராவில் நான் படுக்கிற மூலையில் யாரோ ஒருத்தியின் டிரங்குப் பெட்டியும் பாயும் பிள்ளைத் தொட்டிலும் இருந்தன. அம்மா வாசலை மறித்துக்கொண்டு, “ஒன் எடத்துக்கு வேற ஆளு வந்தாச்சு. விடிஞ்சதும் பஸ் ஏறிப் போயிரு” என்றாள். கிளிநொச்சி வரும்வரை பஸ்ஸில் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த ஆத்திரத்தில்தான் முதலாளியின் கொட்டிலை விட்டு, காட்டுத்தடி வெட்டி, இங்கே ஸ்கந்தபுரத்து வாய்க்கால் கரையில் எனக்கென்று ஒரு குடிசை போட்டேன். கூரை கோணல் என்று நக்கலடிக்க வந்த மனுசன்தான் உன் அப்பா. பிறகு அவர் போகவேயில்லை.

அம்மா செத்த செய்தி வந்தபோதும் நான் போகவில்லை. அவ்வளவு வைராக்கியம். பல வருடம் கழித்துத் தம்பி சொல்லித்தான் தெரியும், அந்தப் பெட்டியும் தொட்டிலும் பக்கத்துக் காம்பராவில் வாங்கிய இரவல். மலைப்பாதையில் நான் ஏறி வருவதைக் கண்டதும் ஓடிப்போய் வாங்கி அடுக்கினாளாம். மறுபடியும் எரிக்க வருவார்கள் என்று அவளுக்குப் பயம். எனக்காக அந்த மூலை கடைசிவரை காலியாகத்தான் கிடந்ததாம்.

நீ என்னைவிடக் கெட்டிக்காரி. இரவல் சாமானைக் கண்டு ஏமாறமாட்டாய். ஆகவே நான் உண்மையாகவே செய்துவிட்டேன். நீ பெரியபிள்ளையானபோது அப்பா கிளுவை வேலி போட்டு உனக்கென்று பிரித்த அரை ஏக்கரை, கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மரத்தடியில் கிடந்த கமலாட்சிக்குக் கொடுத்துவிட்டேன். புருசன் இல்லை, மூன்று பிள்ளைகள். கொட்டில் போட்டுப் பயற்றையும் நட்டுவிட்டாள். “பிள்ளை திரும்பி வந்தா என்னக்கா செய்யிறது?” என்று கேட்டாள். அவள் வரமாட்டாள் என்று சொன்னேன். உன் கட்டிலும் அங்கேதான் இருக்கிறது, மூன்று பிள்ளைகளும் அதில் குறுக்கே படுக்கிறார்கள்.

திவசத்தை நான் பார்த்துக்கொள்வேன். நீ அங்கே கோயிலில் அப்பா பேரில் ஒரு விளக்குக் கொளுத்தினால் போதும். அகதி முகாமில் மற்றவர் மூலையில் ஒண்டியிராமல் உனக்கென்று ஓர் அடுப்பு வை. கூரை கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

என்னைத் திட்டு மகளே. நான் என் அம்மாவைத் திட்டியதுபோல வாய் ஓயும்வரை திட்டு. திட்டிக்கொண்டு அங்கேயே இரு. முருகன் உன்னைக் காப்பான்.

இப்படிக்கு,
இங்கே உனக்கு இடம் வைக்காத அம்மா,
வடிவம்மா