தலைவர் குடிக்காத தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை.

தூக்கம் வரவில்லை. மாலையில் ஊராட்சித் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருடைய தேங்காய் நார் மில்லின் கழிவுநீர் ஊர்க் கிணற்றில் இறங்குகிறது என்று கிராம சபையில் நான் சொன்னதுதான் காரணம். ஊராட்சி மோட்டார் ஆபரேட்டர் நான். அந்தத் தண்ணீரைத் தினமும் டேங்குக்கு ஏற்றுகிறவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

உட்கார்ந்ததுமே, "நாளைக்கு ஊர்க் கூட்டத்துல தண்ணி நல்லாருக்குதுன்னு சொல்லிப்போடு. இல்லீனா வேலைக்கு வர வேண்டாம் கண்ணு" என்றார்.

வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் தர வேண்டுமே. சபையில் பேசிய நாளிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்த என் மனைவி சரசு, கேன் தண்ணீரை விட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்து வந்து நீட்டினாள். டீ நிறத்தில் இருந்தது. வாங்கிப் பார்த்த தலைவர் அப்படியே கீழே வைத்தார்.

"ஏனுங்க, குடிங்க. நல்ல தண்ணிதானுங்களே" என்றாள்.

அவர் எழுந்து போய்விட்டார்.

வேலை போனாலும் போகும். பயமாகத்தான் இருக்கிறது. அவளிடம் நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். சொம்பைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "நாளைக்குக் கூட்டம் எத்தன மணிக்குங்க? நானும் வாரேன்."