திரையில் வந்த படம்

டென்மார்க், மார்ச் 1998

அன்புள்ள அய்யாவுக்கு மகள் முத்துசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஒரு வருடம் படிக்க வந்திருக்கும் எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு இங்கே விழா நடத்தினார்கள். ஊரைப் பற்றிப் பேசச் சொல்லி, வீட்டுப் போட்டோவும் கேட்டார்கள். நல்ல வாய்ப்பென்று, கரிசல் காட்டில் நீங்கள் ஆடுகளோடு நிற்கும் படத்தைக் கொடுத்தேன். நான் மேடையேறியதும் அது திரையில் பெரிதாக வந்தது. கீழே, 'பட்டினியில் வாடும் குடும்பம், உதவுங்கள்' என்று எழுதியிருந்தார்கள். கூட்டம் உச்சுக்கொட்டியது.

படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். விழா நடத்திய பெண்மணி, "நல்ல காரியத்துக்குத்தானே?" என்று சிரித்தபடி தோளைத் தட்டினாள். அந்தக் கை பட்ட இடம் இன்னும் கூசுகிறது. "எங்கய்யா யாருகிட்டயும் கைநீட்டுனதில்ல!" என்று மைக்கில் தமிழிலேயே கத்திவிட்டேன். ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் படத்தை எடுத்துவிட்டார்கள்.

கவலை வேண்டாம், படிப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆடு வளர்ப்பைப் பற்றி வகுப்பில் பேசும்படி எங்கள் கால்நடைப் பேராசிரியர் கேட்டார். சம்மதித்துவிட்டேன்.

பருப்புப்பொடி அனுப்புங்கள். கயத்தாற்றில் யாரிடமாவது சொல்லி, அம்மா பேசுவதையும் ஒரு கேசட்டில் பதிந்து அனுப்புங்கள். என்னை வைதாலும் பரவாயில்லை. தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
முத்துசெல்வி