நீ அனுப்பிய கைக்கடிகாரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். அதைக் கடைசியில் எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று தெரிந்ததும், நடையை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பினாய். நான் எத்தனை அடி நடக்கிறேன் என்பது அங்கே உன் போனில் தெரியும் என்றாய். முதல் நாள் எண்ணூறு. காலை முதல் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவன் எங்கே நடப்பது? அரை மணி நேரம் என்னைக் காய்ச்சி எடுத்தாய். மறுநாள் உன் அம்மாவிடம், “இது உன் கைக்குத்தான் எடுப்பா இருக்கு” என்று சொல்லி, அதை அவளுக்குக் கட்டிவிட்டேன். சாயங்காலம் பதினோராயிரம். அப்பா அசத்திவிட்டார் என்று உனக்கு ஒரே சந்தோஷம்.

ஆமாம் அம்மாடி, இரண்டு மாதமாக நீ பாராட்டியது உன் அம்மாவின் கால்களை. நானும் வெட்கமே இல்லாமல் நாலு தெரு சுற்றினேன், பாலம் வரை போனேன் என்று அளந்துகொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வேறு குரலில் பேசினாய். “அப்பா, நீங்க நாலரை மணி நேரம்தான் தூங்குறீங்க. பகல்ல சேர்ந்தாப்ல பத்து நிமிஷம்கூட உட்காரல. உடம்பு தாங்குமாப்பா?” சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன். அதற்குப் பிறகு மெஷின் ஓடவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் எவ்வளவு நேரம் தூங்குகிறாள் என்று வேறு தேசத்தில் இருக்கும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

மறுநாள் என்னையே கவனித்தேன். தண்ணீர் கொண்டா, நூல் கொண்டா, டேப்பை எங்கே வைத்தாய், ஒரு டீ போடு என்று மதியத்துக்குள் பத்தொன்பது தடவை கூப்பிட்டிருக்கிறேன். நூல்பெட்டி எனக்குப் பின்னால் அலமாரியில்தான் இருக்கிறது. அவளோ துணி காயப்போட மாடி ஏறியவள், என் குரல் கேட்டுப் பாதியில் இறங்கி வருகிறாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. மனசு கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவளுக்கு ரத்தம் குறைவாம், முட்டியும் வீங்கியிருக்கிறதாம். எனக்குச் சர்க்கரை இன்னும் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா எங்கள் இருவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “நீங்க எழுந்திருங்க, அவங்க உட்காரட்டும். முதல் மருந்து அதுதான்” என்றார். அவளுக்குச் சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

இப்போது என் நூலை நானே எடுக்கிறேன். காலையில் பாலம் வரை போய் வருகிறேன். இது பொய் இல்லை, நெடுநாள் கழித்து நடப்பதால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது. டீயும் நானே போடுகிறேன். முதல் நாள் டீத்தூள் எங்கே என்று கேட்க அவளை எழுப்பிவிட்டேன், திட்டாதே. அவளுக்குத்தான் சந்தேகம். டாக்டர் என்னைப் பற்றி என்னிடம் தனியாக ஏதாவது சொல்லி, நான் மறைக்கிறேனோ என்று இரண்டு தடவை அழுதுவிட்டாள்.

அவளிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கையை நீட்டி, “அவரே ஆசையாக் கட்டிவிட்டாரு” என்று காட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட பிறகு எந்த முகத்தோடு சொல்வேன்? கடிகாரம் அவள் கையிலேயே இருக்கட்டும். நீயும் காட்டிக்கொடுத்துவிடாதே.

நாங்கள் இன்னும் நலம் இல்லை. ஆகிக்கொண்டிருக்கிறோம். இப்போது மதியம் மூன்று மணி. மெஷின் சத்தம் வேண்டாம் என்று கையால் பட்டன் தைத்துவிட்டு இதை எழுதுகிறேன். உன் அம்மா உள்ளே ஒன்றரை மணி நேரமாகத் தூங்குகிறாள்.

இனிமேல் உன் போனில் எண் குறைவாகத்தான் வரும். ஏன் என்று கேட்டு அப்பாவைத் திட்டாதே, கண்ணு. குறைவாக வருகிற நாளெல்லாம் சந்தோஷப்படு.

நீயும் நேரத்துக்குத் தூங்கு.

உன் அப்பா